நாற்பது சதவீதம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

அமிர்திப் பக்கம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கதையைக் கேட்டால் வரி பிசகாமல் சொல்வாள். எழுதச் சொன்னால் ‘ன’வும் ‘ண’வும் இடம் மாறிவிடும், போர்டைப் பார்த்து எழுதும்போது நடுவில் ஒரு வரியே காணாமல் போகும். வீட்டில் “சோம்பேறி” என்பார்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சட்டம் அவளைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1995-இல் வந்த பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் அது 21 ஆனது. இந்தப் பிள்ளைக்கு இருக்கக்கூடிய கற்றல் குறைபாடும், அதாவது புத்தி இருந்தும் எழுத்து மட்டும் பிடிபடாத நிலையும், அதில் ஒன்று. அதைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்பச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் பதினாறாவது பிரிவு பள்ளியிடம் கொடுத்திருக்கிறது. அரசுப் பள்ளிக்கு மட்டுமல்ல, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும்.

நாம் எல்லோரும் தடுமாறுகிற இடம் இனிமேல்தான் வருகிறது. ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மா ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கணியம்பாடி வழியாக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகிறார். சான்றிதழில் 30 சதவீதம் என்று வருகிறது. “நாற்பது இல்லையேம்மா, ஒண்ணும் கிடைக்காது” என்று நாலு பேர் சொல்கிறார்கள். அவரும் அதை நம்பிச் சான்றிதழை பீரோவில் வைத்துவிடுகிறார்.

நாற்பது சதவீதம் சில தனிச் சலுகைகளுக்கான அளவு. அரசு வேலை, உயர்கல்வி இட ஒதுக்கீடு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி ஆகியவற்றுக்கு அது வேண்டும். பள்ளியில் பாரபட்சம் இல்லாமல் சேர்ப்பதற்கும், தேவைக்கேற்ற உதவி செய்வதற்கும் அந்த அளவு கிடையாது. ரேஷன் கடையில் 35 கிலோ அரிசி அந்தியோதயா கார்டுக்குத்தான். அதற்காக மற்ற அரிசி கார்டுக்காரர்களை வெறும் பையோடு திருப்பி அனுப்ப முடியுமா?

உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார். நாற்பது சதவீதம் இல்லை என்று மறுத்தது தவறு என 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கிலும் அதையே மறுபடி உறுதி செய்தார்கள். இரண்டும் வேலைக்கான தேர்வு வழக்குகள்தான். ஆனால் அவற்றின் அடிப்படை பள்ளிப் பிள்ளைக்கும் பொருந்தும் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

சிறப்பாசிரியர் விஷயத்திலும் நீதிமன்றம் நகர்ந்திருக்கிறது. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்று 2021-இல் சொன்னது. அந்தப் பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஒரே சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய்வரும் மலையடிவாரத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆகவே 30 சதவீதச் சான்றிதழை பீரோவிலிருந்து எடுப்போம். பொதுத்தேர்வுச் சலுகைக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்கும்போது அது தேவைப்படும். இப்போதைக்குத் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்: பிள்ளைக்கு எது வரவில்லை, என்ன உதவி வேண்டும் என்று நாலு வரி, கீழே தேதி. நகல் ஒன்று நம் கையில் இருக்கட்டும். பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகலாம்; இதற்கென்றே அங்கே ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 2017 விதிகள் சொல்கின்றன.