வைட்டமின் பிளாஸ்திரி: தோல் வழியே சத்து சேருமா?

மாத்திரை என்றாலே முகம் சுளிப்பவர் எந்த வீட்டிலும் ஒருவராவது இருப்பார். இரும்புச் சத்து மாத்திரை குமட்டுகிறது என்பார் மருமகள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் விழுங்குவது போதாதா, இதில் இன்னொன்றா என்பார் மாமனார். இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்து ‘வைட்டமின் பிளாஸ்திரி’ விற்பனைக்கு வந்திருக்கிறது. காலையில் கையில் ஒட்டிக்கொண்டால் போதும், சத்தெல்லாம் தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும் என்கிறது விளம்பரம். இதை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

தோல் வழியே மருந்து போகுமா?

போகும். 1979இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு மருந்துப் பிளாஸ்திரிக்கு அனுமதி கிடைத்தது. பயணத்தில் வரும் குமட்டலைத் தடுக்கும் ஸ்கோபோலமின் மருந்து அதில் இருந்தது. காதின் பின்புறம் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும். பின்னர் நெஞ்சுவலிக்கும், புகைப்பழக்கத்தை விடுவதற்கும் பிளாஸ்திரிகள் வந்தன. இவையெல்லாம் சோதித்துப் பார்த்து அனுமதிக்கப்பட்ட மருந்துகள்.

ஆனால் தோல் என்பது வாசல் அல்ல, மதில். அதன் மேலடுக்கில் இறந்துபோன செல்கள் செங்கற்களைப்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையில் கொழுப்பு, சாந்துபோல் பூசப்பட்டிருக்கிறது. குளத்தில் மணிக்கணக்கில் நீந்தினாலும் நம் உடம்புக்குள் தண்ணீர் புகாமல் இருப்பது இதனால்தான். இந்த மதிலைத் தாண்ட ஒரு பொருளுக்கு மூன்று தகுதிகள் வேண்டும். அதன் மூலக்கூறு சிறியதாக இருக்க வேண்டும். மூலக்கூறு எடை 500க்குள் இருப்பது நல்லது. அது ஓரளவு கொழுப்பில் கரைய வேண்டும். நமக்குத் தேவைப்படும் அளவும் மிகக் குறைவாக இருக்க வேண்டும். வீரியம் மிகுந்த நிகோடின் பிளாஸ்திரிகூட ஒரு நாளுக்குத் தருவது 21 மில்லிகிராம்தான்.

சத்துகள் தேறுமா?

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சுண்ணாம்புச் சத்து பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 1,000 மில்லிகிராம் தேவை. இவ்வளவையும் ஒரு சிறு பட்டை வழியே செலுத்த வழியில்லை. வைட்டமின் சி நீரில் கரைவது. கொழுப்புச் சாந்து அதைத் தடுத்துவிடும். இரும்பு உப்புகளின் கதையும் இதுவே. பி12 ஒரு நாளுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகமாக இருந்தால் போதும். அளவு கொஞ்சம்தான், ஆனால் மூலக்கூறு பெரிது. அதன் எடை சுமார் 1,355.

மிஞ்சுவது வைட்டமின் டி. அது சிறியது, கொழுப்பில் கரைவது, தேவையும் குறைவு. ஆயினும் கொழுப்பை மிகவும் விரும்பும் பொருள் மேலடுக்கிலேயே தங்கிவிடும். அடியில் உள்ள நீர்ப்பாங்கான பகுதிக்கு எளிதில் இறங்காது. அமெரிக்காவில் இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. மாத்திரை விழுங்கியவர்களைவிட வைட்டமின் பிளாஸ்திரி ஒட்டியவர்களிடம் வைட்டமின் டி குறைபாடு அதிகமாகக் காணப்பட்டது. அந்நாட்டுச் சட்டப்படி சத்துத் துணைப்பொருள் என்றால் வாய்வழி உட்கொள்வது. பிளாஸ்திரி அந்த வகையில் சேராது.

திருப்பதி சொல்லும் செய்தி

வைட்டமின் டியைத் தோல் வழியே பெறுவதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. வெயில் பட்டால் தோலே அதைத் தயாரித்துக்கொள்ளும். நமக்குப் பக்கத்தில், திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆண்டு முழுதும் வெயில் காயும் இந்த வட்டாரத்திலும் பலருக்கு வைட்டமின் டி குறைவு என்றும், வயலில் உழைப்பவர்களைவிட நகரவாசிகளுக்கு அது மேலும் குறைவு என்றும், உணவில் சுண்ணாம்புச் சத்தும் போதவில்லை என்றும் 2007இல் வெளியான ஆய்வில் தெரிவித்தார்கள். வைட்டமின் டி உருவாக இங்கே ஏற்ற நேரம் காலை 11 மணி முதல் பகல் 2 மணி வரை என்று 2013இல் வெளியிட்டார்கள். அதிகாலை இளவெயிலே உத்தமம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. வைட்டமின் டிக்கு அது போதாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் பயன்படாது. முகமும் கைகளும் படும்படி சிறிது நேரம் வெளியில் இருந்தால் நல்லது. ஆனால் கத்திரி வெயிலில் முதியோர் இதற்காக மொட்டை மாடி ஏற வேண்டாம்.

என்ன செய்யலாம்?

பிளாஸ்திரியால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரலாம். காளஹஸ்தியின் வியர்வையில் அது நாள் முழுதும் ஒட்டி நிற்பதே சந்தேகம். ஆனால் இவற்றைவிடப் பெரிய ஆபத்து, சத்து சேர்கிறது என்று நம்பிச் சும்மா இருந்துவிடுவதுதான். பி12 குறைவைக் கவனிக்காமல் விட்டால் கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். நாளாகிவிட்டால் நரம்புக் கோளாறு முழுவதும் சீராகாமலும் போகலாம். சைவ உணவினரும், நெடுங்காலமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளும், முதியோரும் இதற்கான இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். குறைவு என்று தெரிந்தால் ஊசியும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் நூற்றில் ஒரு பங்கே உடலில் சேர்ந்தாலும் ஒரு நாளைய தேவையைப் போல் நான்கு மடங்கு கிடைத்துவிடும்.

கர்ப்பிணிகள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிளாஸ்திரியை நம்பவே கூடாது. தாயின் இரத்தமும் குழந்தையின் வளர்ச்சியும் அதில் அடங்கியிருக்கின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்த மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. குமட்டினால் இரவு உணவுக்குப் பின் போட்டுப் பார்க்கலாம். காபி, டீயோடு மட்டும் வேண்டாம்; அவை இரும்பைச் சேரவிடாது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டியதில்லை. அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வகை மாத்திரையோ ஊசியோ மருத்துவர் தருவார்.

எந்தச் சத்து எவ்வளவு தேவை என்று நம் நாட்டுக்கு அளவு வகுத்துத் தருவது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அது 1918இல் நம் குன்னூரில் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. நம்மைப்போலவே தமிழ் மண்ணிலிருந்து தெலுங்கு மண்ணுக்கு வந்து வேரூன்றிய நிறுவனம்! சத்து முதலில் சாப்பாட்டிலிருந்து வரவேண்டும் என்பதே அதன் அறிவுரை. தயிரும் கீரையும் கேழ்வரகும் பருப்பும் தட்டில் இருக்கட்டும். குறைவு இருந்தால் ‘மாத்ர’ என்று தெலுங்கில் கேட்டாலும் ‘மாத்திரை’ என்று தமிழில் கேட்டாலும், மருத்துவர் எழுதிக்கொடுத்ததையே வாங்கி விழுங்குவோம்.