பைல் கெட்டுப்போகவில்லை, எழுத்துத்தான் மாறித் தெரிகிறது



மகளைப் பெரியகல்லாற்றில் கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊர் அது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்த கரை. தண்ணீரோடு போன பத்திரங்களைத் திரும்ப எடுப்பதற்காக, குடும்பத்தார் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் எல்லாவற்றையும் சம்பந்தி வீட்டார் அப்போதே ஒரு கடையில் கொடுத்துத் தமிழில் டைப் செய்து வைத்திருந்தார்கள். இப்போது பேத்தியின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பிழையைத் திருத்த அந்த விபரம் வேண்டும். பைலை அனுப்பிவிட்டார்கள். லயத்தில் உங்கள் மகன் அதைக் கணனியில் திறக்கிறான்.

“என்னப்பா இது, தமிழையே காணோம்! எல்லாம் இங்கிலீசு எழுத்தும் புள்ளியுமா கெடக்கு. பைல் கெட்டுப்போச்சு போல. அழிச்சிரட்டுமா?”

“கொஞ்சம் பொறு தம்பி” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தப் பைல் கெட்டுப்போயிருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

பைலுக்குள் இருப்பது எண்

பைலுக்குள் எழுத்து எதுவும் இல்லை. எண்கள் மட்டுமே வரிசையாக இருக்கின்றன. நம் செக்றோல் நம்பர் மாதிரித்தான். 109 என்று கூப்பிட்டால் மேற்கணக்கில் ஒருவர் வருவார், கீழ்க்கணக்கில் வேறொருவர் வருவார். நம்பர் ஒன்றுதான். எந்தப் புத்தகத்தைப் பார்க்கிறோம் என்பதில்தான் ஆள் மாறுகிறார்.

பைலைத் திறந்ததும் கணனி அந்த எண்களைப் படிக்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் எந்த எழுத்து என்று ஓர் அட்டவணையில் பார்க்கிறது. பிறகு அந்த எழுத்தின் உருவத்தை எழுத்துருவிலிருந்து, அதாவது ‘பொன்ட்’டிலிருந்து எடுத்து, திரையிலுள்ள சட்டத்துக்குள் வரி வரியாக வரைகிறது. அந்தச் சட்டத்தைத்தான் ‘விண்டோ’, ஜன்னல் என்கிறோம். பொருத்தமான பெயர்தான். லயத்து ஜன்னலை மூடினால் எதிரே உள்ள மலை போய்விடாது. அதுபோல விண்டோவை மூடினாலும், அதில் எழுத்து கோணலாகத் தெரிந்தாலும், பைலில் உள்ள எண்கள் அப்படியே இருக்கும்.

பழைய பழக்கமும் புதிய ஒழுங்கும்

இலங்கையில் நெடுங்காலம் தமிழ் டைப் செய்தவர்கள் அதிகம் பாவித்தது ‘பாமினி’ எழுத்துரு. அதில் ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் உருவத்தை வைத்திருக்கிறார்கள். ‘அம்மா’ என்று அடித்தால் பைலில் பதிவாவது 109, 107, 59, 107, 104 என்ற ஐந்து எண்கள். பாமினி உள்ள கணனியில் அது அம்மா. பாமினி இல்லாத கணனியிலோ அதே எண்கள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். தம்பி பார்த்தது இதைத்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் ‘யுனிகோட்’ 1991இல் வந்தது. அதில் ‘அ’வுக்கு 2949, ‘ம’வுக்கு 2990. வேறெந்த மொழி எழுத்துக்கும் அந்த எண் கிடையாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ‘பெரியகல்லாறு’ என்பதில் முதல் எழுத்தைப் பாருங்கள். கையால் எழுதும்போது கொம்பை முதலில் போட்டு, பிறகு ‘ப’ எழுதுகிறோம். பாமினியிலும் அதே வரிசைதான். யுனிகோட்டில் ‘ப’ முதலில், கொம்பின் எண் பிறகு. திரையில் வரையும்போது கணனியே கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும்.

திரையைப் பார்த்து என்ன கோளாறு என்று அறிவது எப்படி?

1. வெறும் ஆங்கில எழுத்தும் புள்ளிகளும் தெரிந்தால்: பாமினி போன்ற பழைய எழுத்துரு. விபரம் பத்திரமாக இருக்கிறது.

2. வெறும் கட்டங்கள் தெரிந்தால்: அந்தக் கணனியில் தமிழ் உருவம் உள்ள எழுத்துரு இல்லை. விபரம் பத்திரம்.

3. தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும், வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வந்தால்: யுனிகோட் பைலைக் கணனி வேறு அட்டவணையில் படிக்கிறது. திறக்கும்போது ‘யூ.டி.எப்-8’ என்பதைத் தெரிவு செய்தால் சரியாகும்.

4. வெறும் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால்: இங்கேதான் ஆபத்து. யுனிகோட் தமிழைத் தமிழுக்கு இடமில்லாத பழைய முறையில் யாரோ ‘சேவ்’ செய்திருக்கலாம். அப்படியானால் எண்களே மாறிப்போயிருக்கும், திரும்ப எடுக்க முடியாது. அசல் பிரதியைத்தான் தேட வேண்டும்.

அதனால் எழுத்து விளங்காத பைலை ஒருபோதும் அழிக்காதீர்கள், மேலேயே ‘சேவ்’ செய்யவும் வேண்டாம். முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

என்ன செய்யலாம்?

பிரதியைத் திறந்து, எழுத்து முழுவதையும் தெரிவு செய்து, எழுத்துருப் பட்டியலில் பாமினியைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் அது வேறொரு பழைய எழுத்துருவாக இருக்கலாம். எதில் அடித்தீர்கள் என்று பெரியகல்லாற்றுக்கே போன் போட்டுக் கேளுங்கள். பிறகு எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் யுனிகோட்டுக்கு மாற்றி, ‘யூ.டி.எப்-8’ முறையில் சேமித்தால் இனி எந்தக் கணனியிலும், கைத்தொலைபேசியிலும் திறக்கும். அடையாள அட்டை எண், பிறந்த திகதி உள்ள பக்கத்தை முன்பின் தெரியாத இணையத்தளத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டாம்.

மாற்றிய பிறகு ஒருவர் அசலை வாசிக்க, இன்னொருவர் புதியதைச் சரிபாருங்கள். கொம்பு இடம் மாறியிருக்கிறதா, ‘ர’ எங்காவது ‘ற’ ஆகியிருக்கிறதா என்று பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். பிறப்பு அத்தாட்சியில் ஒரு விதமும் சேமலாப நிதிப் பத்திரத்தில் வேறு விதமும் பெயர் இருந்து, ஓர் எழுத்துக்காக எத்தனை நாள் வேலையை விட்டு அலைந்திருக்கிறோம்!

வீட்டில் படிக்கும் பிள்ளைகளை அழைத்து, பழைய பென்டிரைவிலும் சீடியிலும் உள்ள குடும்பப் பத்திரங்களை இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டைப் செய்தவர் ஊரில் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.