நாவடக்கிய துன்பம்

மாதவிடாய் ஓராண்டு முழுதும் வாராதொழியின் அது நின்றுவிட்டதெனக் கொள்வர். நம் நாட்டுப் பெண்டிர்க்குப் பெரும்பாலும் 45 வயதிற்கும் 50 வயதிற்கும் இடையே இது நிகழும். அப்பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. அதனால் பெண்ணுறுப்பின் உட்படலம் மெலிந்து, ஈரம் வற்றுகிறது. அங்கே அமிலத்தன்மையைக் காத்துவந்த நல்ல நுண்ணுயிர்களும் அருகுகின்றன. அரிப்பு, எரிச்சல், கூடலில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு ஆகியவை இவற்றின் விளைவுகளே.

உடல் திடீரெனக் கொதித்துத் தணியும் தொல்லை பெரும்பாலும் நாளடைவில் அகலும். இவ்வறட்சியோ தானே நீங்குவது அரிது. என் இல்லாள் இதனை மூன்றாண்டுகள் வாய்திறவாது பொறுத்தாள். அவள் விலகியதைச் சினமென்று நான் பிழைபட எண்ணினேன். பின்னர் மருத்துவரை அடைந்தோம். சில வாரங்களில் துன்பம் தணிந்தது.

பரிகாரம் எளிது. அவ்விடத்தில் சோப்பும் நறுமணப் பொருள்களும் வேண்டா. வெறும் நீரே போதும். ஈரங்காக்கும் களிம்பை வாரம் இரண்டு மூன்று முறை இடலாம். கூடலின்போது நீரில் கரையும் வழுவழுப்புக் களிம்பு உதவும். இவை போதாவிடின், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த களிம்பினை மருத்துவர் தருவார். மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அதனை அவரிடம் முன்னரே உரைத்தல் வேண்டும். மாதவிடாய் நின்றபின் குருதி ஒரு துளி தோன்றினும் தாமதியாது காட்டுக.

நாணம் நற்குணமே, நோயை மறைப்பது நாணமாகாது. கணவன்மார் பரிவோடு கேட்பாராயின், சொல்வதும் எளிதாகும்.