சொட்டுற இடமும் ஒழுகுற இடமும்

தரையில ஒரு சொட்டு கூட இல்ல. ஆனா ரிசர்வ் டப்பாவுல கூலன்ட் வாராவாரம் ஒரு டம்ளர் அளவுக்குக் குறைஞ்சுகிட்டே வந்தது. வண்டி 20 வயசு தாண்டின ஒரு வி8 பிக்கப் டிரக். கம்பெனி பேர் வேண்டாம், இதே அமைப்பு வேற சில வி8 எஞ்சின்கள்லயும் உண்டு. மிச்சிகன்ல குளிர் ஆரம்பிக்கிற நேரம். ஹீட்டர் போட்டா லேசா ஒரு இனிப்பு வாசனை. எத்திலீன் கிளைக்கால் வாசனை அது.

ஒரு மாசம் கழிச்சு, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருற இடத்துக்கு அடியில ஈரம் தெரிஞ்சது. பார்த்த மெக்கானிக், "எஞ்சினுக்குப் பின்பக்கம் இருக்குற ஃப்ரீஸ் பிளக் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கணும்"னு சொன்னார். அவர் கேட்ட கூலி, வண்டியோட இன்றைய விலையில பாதி. (ஃப்ரீஸ் பிளக்ங்கிற பேரே ஒரு தப்பபிப்பிராயம். உறைஞ்சு விரியும்போது வெளியே பிதுங்கி எஞ்சினைக் காப்பாத்தறதுக்காக வெச்சதுன்னு நிறைய பேர் நம்பறாங்க. உண்மையில அது, பிளாக்கை வார்த்த பிறகு உள்ளே இருக்குற மணலை வெளியே எடுக்க விட்ட ஓட்டையை அடைக்கிற மூடி.)

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனா சொட்டுற இடத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ண எனக்கு மனசு வரல. வி8ல ரெண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கு. அதுக்கு மேல கூரை மாதிரி இன்டேக் மேனிஃபோல்ட் உட்கார்ந்திருக்கும். இந்த மாதிரி டிரக்ல எஞ்சின் பின்பக்கமா கொஞ்சம் சாய்ஞ்சுதான் நிக்கும். பள்ளத்துல எங்க ஒழுகினாலும் தண்ணி பின்னால ஓடி, கியர்பாக்ஸ் மூடி மேல வழிஞ்சு, அங்கிருந்து சொட்டும். கூரை ஓட்டை ஒரு பக்கம் இருக்க, சுவர்ல வேற பக்கம் ஈரம் தெரியற கதைதான்.

அந்தப் பள்ளத்துக்குள்ள ஒரு இரும்புக் குழாய் படுத்திருக்கு. வாட்டர் பம்ப் எஞ்சினோட முன்பக்கம். கேபினைச் சூடாக்குற ஹீட்டர் கோர் பின்பக்கம், தடுப்புச் சுவருக்கு அந்தப் புறம். ரெண்டையும் இணைக்கக் குறுக்கு வழி இந்தப் பள்ளம்தான். தொழிற்சாலையில வெறும் பிளாக் முன்னால நிக்கிற ஆளுக்கு அதை மாட்ட ஒரு நிமிஷம் போதும். அதுக்கு மேல மேனிஃபோல்ட், ஃப்யூயல் ரெயில், ஒயரிங், ஆல்டர்னேட்டர்னு அடுக்கின பிறகு வர்ற நமக்கு ஒரு வார இறுதி முழுசும் வேணும். எங்க சாஃப்ட்வேர்ல, எல்லா மாட்யூலும் சார்ந்திருக்குற அடித்தள லைப்ரரியில பிழை வந்தா இப்படித்தான்.

சூடா இருக்கும்போது ஒழுக்கைத் தேடறது வீண் வேலை. சிஸ்டம் 16 பிஎஸ்ஐ அழுத்தத்துல ஓடுது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சாதாரணமா 107 டிகிரி செல்சியஸ் வாக்குல கொதிக்கும், இந்த அழுத்தத்துல கிட்டத்தட்ட 130 வரை தாங்கும். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வர்ற துளி, சூடான இரும்புல பட்டதும் ஆவியாயிடும். எஞ்சின் ஆறினா அழுத்தம் இல்ல, அதனால ஒழுக்கும் இல்ல. ஆக, ஆறின எஞ்சின்ல அழுத்தம் வேணும். ரேடியேட்டர் மூடி இருக்குற இடத்துல மாட்டற கைப்பம்பு ஒண்ணு இருக்கு. (சூடா இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது.) 15 பிஎஸ்ஐ வரை அடிச்சுட்டு டீ குடிக்கப் போனேன். 20 நிமிஷத்துல முள் 12ல நின்னது.

அடுத்தது பாதி பாதியா பிரிச்சுப் பார்க்கறது. தடுப்புச் சுவர் பக்கத்துல ரெண்டு ஹீட்டர் ஹோஸையும் இடுக்கி போட்டு இறுக்கினேன். அப்பவும் முள் இறங்குச்சு. அப்போ ஹீட்டர் கோர் குத்தவாளி இல்ல. கேபின் கார்ப்பெட்டும் காய்ஞ்சுதான் இருந்தது. போன்ல மாட்டற ஒயர் கேமராவைப் பின்பக்கமா மேனிஃபோல்டுக்கு அடியில விட்டதும் படம் தெரிஞ்சது. குழாய் பின்னால வளையற இடத்துல வெள்ளைப் பொருக்கு, அதுலேர்ந்து மயிரிழை மாதிரி ஒரு பீச்சல்.

அப்பதான் உறைச்சது. ரெண்டு மாசம் முன்னாடி பி0304ன்னு கோளாறு எண் வந்தது, அதாவது நாலாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். இந்த எஞ்சின்ல அது வலது பக்கம் கடைசி, குழாய் வளையற இடத்துக்குப் பக்கத்துல. ஸ்பார்க் பிளக் குழியில ஈரம் இருந்ததைப் பார்த்தும், மழைத்தண்ணின்னு துடைச்சுட்டு இக்னிஷன் காயிலை மாத்தினேன். மோந்து பார்த்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

ஒழுக்கடைக்கும் திரவத்தை ரேடியேட்டர்ல ஊத்தினா போதும்னு நண்பர் சொன்னார். நடுவழியில மாட்டிக்கிட்டா நானும் ஊத்துவேன். ஆனா ஓட்டையை அடைக்கிற அதே துகள் ஹீட்டர் கோரோட குறுகலான குழல்களையும் அடைக்கலாம். மைனஸ் 15ல குழந்தைகளைப் பள்ளிக்கு கூட்டிட்டுப் போற வண்டியில ஹீட்டர் இல்லாம முடியாது.

கழட்டற வரிசையை வண்டியோட சர்வீஸ் மேனுவல்ல பாருங்க. பெட்ரோல் லைன் அழுத்தத்தை இறக்கறது, பேட்டரி நெகட்டிவைக் கழட்டறது ரெண்டையும் விட்டுடாதீங்க. மேனிஃபோல்ட் வெளியே வந்த உடனே இன்டேக் வாய்கள் எட்டையும் துணியால அடைச்சேன். ஒரு நட்டு உள்ளே விழுந்தா கதை கந்தல். குழாயைப் பிடிச்சிருந்தது ஒரே ஒரு போல்ட். அதைக் கழட்டி இழுத்தா, முன்முனை துருப்பிடிச்சு ரெண்டா முறிஞ்சு துளைக்குள்ளயே தங்கிடுச்சு. அது வார்ப்பு அலுமினியம். கீறல் விழுந்தா புது ஓ-ரிங்கும் ஒழுகும். ஸ்க்ரூடிரைவரால குத்தாம, துண்டை உள்பக்கமா மடக்கி மடக்கி எடுக்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சு. புது ஓ-ரிங்கைக் கூலன்ட்ல நனைச்சுத்தான் மாட்டணும். எஞ்சின் ஆயில் தடவினா, இந்த இடத்துல பெரும்பாலும் வர்ற ஈபிடிஎம் ரப்பர் ஊதிடும்.

மேனிஃபோல்டை இறக்கும்போதுதான் வயித்தைக் கலக்குச்சு. கூலன்ட் அதுக்குள்ளயும் ஓடறதால, அதை மூடாம அழுத்தம் கொடுத்துப் பார்க்க வழியில்ல. ஒழுகினா மறுபடி முதல்லேர்ந்து. புது கேஸ்கெட் வெச்சு, நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, ரெண்டு சுற்றா டார்க் ரென்ச்ல மட்டும் இறுக்கினேன். பிளாஸ்டிக் மேனிஃபோல்ட், கைக்கணக்கு ஆகாது.

பழைய குழாயை ரம்பத்தால நீளவாக்குல அறுத்துப் பார்த்தேன். உள்பக்கம் கிட்டத்தட்ட சுத்தம். கூலன்ட்ல இருக்குற துருத்தடுப்பான் தன் வேலையைச் செஞ்சிருக்கு. துரு முழுக்க வெளியிலேர்ந்து தின்னுக்கிட்டு வந்திருக்கு. பள்ளத்துல எலி கொண்டுவந்த சருகு, மண்ணு, அதுல ஊறின உப்புத்தண்ணி. இங்க பனிக்காலம் பூரா ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. டெட்ராய்ட் நகருக்கு அடியிலயே ஆயிரம் அடிக்குக் கீழ ஒரு உப்புச் சுரங்கம் இருக்கு. கூலன்ட்டை ஒழுங்கா மாத்தாததாலதான் இப்படி ஆச்சுன்னு நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன். இந்தக் குழாய் அதை மறுக்குது. வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சருகை ஊதி எடுத்திருந்தா ஒருவேளை இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும்.

வடிச்ச கூலன்ட்டை உடனே மூடி போட்ட கேன்ல ஊத்திட்டேன். இனிப்பா இருக்கும்னு நாய் நக்கினா, கொஞ்சமே போதும், உயிர் போயிடும். புதுசை நிரப்பி, முன்பக்கம் மேடா நிறுத்தி, ஹீட்டரை முழுசா வெச்சு, காத்துக் குமிழி அடங்கற வரைக்கும் ஓட விட்டேன். மறுநாள் காலையில, எஞ்சின் நல்லா ஆறின பிறகு, மறுபடி 15 பிஎஸ்ஐ. இந்த முறை டீ குடிக்கப் போகல, பக்கத்துலயே உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தேன். அரை மணி நேரம் அசையல.

டப்பாவுல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். மூணு வாரமா கூலன்ட் அந்தக் கோட்டுலயே நிக்குது.