நீருக்குள் நடந்தால் முழங்காலுக்கு ஏன் நிம்மதி?

முழங்கால் வலி என்று மருத்துவரிடம் போகிறீர்கள். “மூட்டுத் தேய்மானம். தினமும் நடங்கள், எடையைக் குறையுங்கள்” என்கிறார். நடந்தால்தானே வலிக்கிறது? வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசைகள் மெலிகின்றன. தசை மெலிந்தால் மூட்டைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. வலி இன்னும் கூடுகிறது. ஈரச்சந்தைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர் மெல்ல மெல்ல மின்தூக்கியைத் தாண்டி வெளியே வராதவராகிவிடுகிறார்.

இந்தச் சுழலை உடைக்க இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்தும் கருவிகளில் ஒன்றுதான் நீருக்கடியில் இயங்கும் நடைபொறி, அதாவது தண்ணீருக்குள் வைத்த ‘டிரெட்மில்’.

ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் தரையே நகரும் பட்டை. கதவைத் திறந்து உள்ளே போய் நிற்கிறீர்கள். கதவு மூடியதும் வெதுவெதுப்பான நீர் ஏறி, இடுப்பிலோ மார்பிலோ நிற்கிறது. பட்டை மெதுவாக நகர, நீங்கள் நடக்கத் தொடங்குகிறீர்கள். உங்கள் பாதம் எப்படிப் பதிகிறது என்பதைச் சிகிச்சையாளர் கண்ணாடி வழியே கவனிக்கிறார். அறுவை சிகிச்சை முடிந்த நாய்களுக்கும், காயம்பட்ட பந்தயக் குதிரைகளுக்கும்கூட இதே முறை பயன்படுகிறது.

எடை எங்கே போகிறது?

இதற்கான விடையை ஆர்க்கிமிடீஸ் சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். நீரில் இறங்கும் பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தள்ளும். நம் உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திதான். ஆகவே உடலில் எவ்வளவு பகுதி நீருக்குள் இருக்கிறதோ, கிட்டத்தட்ட அந்த அளவு எடையை நீர் ஏற்றுக்கொள்கிறது.

80 கிலோ எடையுள்ளவர் இடுப்பளவு நீரில் நின்றால், அவர் பாதங்கள் தாங்குவது ஏறக்குறைய பாதி, அதாவது 40 கிலோ. மார்பளவு நீரில் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. கழுத்தளவு நீரில் வெறும் 8 கிலோதான். இவை அசையாமல் நிற்கும்போது உள்ள கணக்கு. நடக்கும்போது சற்றுக் கூடும்.

தரையில் சாதாரணமாக நடக்கும்போதே முழங்கால் மூட்டின்மீது உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை விழுகிறது. பாரத்தோடு சேர்ந்து தசைகளின் இழுப்பும் மூட்டை அழுத்துவதே காரணம். எனவே எடையில் குறையும் ஒவ்வொரு கிலோவும் மூட்டுக்குப் பெரிய விடுதலை.

பாரம் குறைந்தால் உழைப்பும் குறையுமா?

குறைய வேண்டியதில்லை. நீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதைத் தள்ளிக்கொண்டுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவாகப் போனால் நீர் வழிவிடும், வேகமெடுத்தால் எதிர்த்து நிற்கும். பயிற்சியின் கடுமையை உங்கள் கால்களே முடிவு செய்கின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குளத்தில் நடக்கும்போது முழு உடலும் நீரைக் கிழித்துக்கொண்டு முன்னேறுகிறது. நடைபொறியிலோ உடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கால்கள் மட்டும் நகர்கின்றன. ஆகவே எதிர்ப்பு குறைவு. அதை ஈடுகட்டவே சில தொட்டிகளில் எதிரிலிருந்து நீரைப் பீய்ச்சும் குழாய்களைப் பொருத்துகிறார்கள்.

இதயத்திலும் ஒரு மாற்றம்

ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் நம் காலை ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்துகிறது. இறுக்கமான காலுறை அணிந்ததைப் போன்ற இந்த அழுத்தம், கால் வீக்கத்தைக் குறைக்க உதவுகிறது. கால்களில் தேங்கிய இரத்தமும் மார்பை நோக்கி நகர்கிறது. கழுத்தளவு நீரில் இது அரை லிட்டருக்கும் அதிகம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுவதால் துடிப்பின் எண்ணிக்கை சற்றுக் குறைகிறது.

எனவே கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பை மட்டும் நம்பி, ‘இன்னும் வேகமாகப் போகலாம்’ என்று நினைக்காதீர்கள். நடந்துகொண்டே நாலு வார்த்தை பேச முடிகிறதா என்று பாருங்கள். அதுவே நல்ல அளவுகோல்.

வலி தீருமா?

இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த 13 ஆய்வுகளை, மொத்தம் 1,190 பேரின் தரவுகளை, காக்ரேன் அமைப்பு 2016ஆம் ஆண்டு தொகுத்துப் பார்த்தது. நீர்ப் பயிற்சி முடிந்த உடனடிக் காலத்தில் வலியும் இயலாமையும் சிறிதளவு குறைந்திருந்தன. மாயமில்லை, ஆனால் பலன் உண்டு.

நீரால் முடிவதும் முடியாததும் என்ன என்பதற்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921ல், 39 வயதில், இளம்பிள்ளை வாதம் என்று கண்டறியப்பட்ட நோயால் கால்களின் வலுவை இழந்தார். 1924ல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் வெந்நீரூற்றில் இறங்கியபோது, தரையில் அசையாத கால்களை நீருக்குள் அவரால் அசைக்க முடிந்தது. அதில் நம்பிக்கை பெற்று அங்கேயே ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். பின்னர் அமெரிக்க அதிபருமானார். ஆனாலும் தரையில் துணையின்றி நடக்கும் ஆற்றல் அவருக்குத் திரும்பவேயில்லை.

இன்னொரு குறையும் உண்டு. எலும்பு உறுதியாக இருக்க, அது பாரம் தாங்க வேண்டும். எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கு நீர்ப் பயிற்சி மட்டும் போதாது.

நடைபொறி இல்லையென்றால்?

உங்கள் வட்டாரத்தின் பொது நீச்சல் குளமே போதும். மார்பளவு நீரில் 10 நிமிடம் நடந்து தொடங்குங்கள். குதிகால் முதலில் பதியட்டும், நுனிக்காலில் மிதந்து போகாதீர்கள். வழுக்காத நீர்க் காலணி நல்லது. வெளியேறும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக ஏறுங்கள். எடை சட்டென்று திரும்பும், நீரின் அழுத்தம் நீங்கியதும் தலை சுற்றலாம். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

ஆறாத புண், தொற்று, கட்டுப்பாட்டில் இல்லாத வலிப்பு, இதயச் செயலிழப்பு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவர் அனுமதியின்றி நீரில் இறங்கக்கூடாது.

நல்ல சிகிச்சையாளர் உங்களை என்றைக்கும் மார்பளவு நீரிலேயே வைத்திருக்க மாட்டார். தசை வலுப்பெறப் பெற, நீர்மட்டத்தை இடுப்புக்கும் பிறகு முழங்காலுக்கும் இறக்குவார். ஒரு நாள் தொட்டியில் நீரே இருக்காது. ஈரச்சந்தைக்கு மீண்டும் நடந்து போவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.