உயிலும் கவுன்டி நீதிமன்றமும்: குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

தந்தையின் சிகிச்சைக் காலம் முழுவதும் அவருடைய வங்கிக் கணக்கைக் கவனித்து வந்த மகள், அவர் மறைந்த சில நாள்களில் அதே வங்கிக்குச் செல்கிறார். கையில் பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறது. அது இனிச் செல்லாது என்றும், நீதிமன்றத்தின் பத்திரம் வேண்டும் என்றும் வங்கி அலுவலர் கூறுகிறார். இத்தகைய நிலையில் திகைத்துப்போய் எங்கள் சமூகப்பணிப் பிரிவை நாடி வருவோர் பலர். அவர்களுக்காகவும், இன்னும் அந்நிலையை எட்டாத குடும்பங்களுக்காகவும், டெக்சஸ் மாநிலத்தில் ‘புரோபேட்’ எனப்படும் உயில் மெய்ப்பித்தல் நடைமுறையை இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறோம். பவர் ஆஃப் அட்டர்னி, அதை அளித்தவர் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே செல்லும். மருத்துவ முடிவுகளுக்கான பத்திரமும் அவ்வாறே. இறப்புக்குப் பின் சொத்தைக் கையாளும் உரிமை, நீதிமன்றம் ஏற்ற உயிலின் வழியாகவோ வாரிசுச் சட்டத்தின் வழியாகவோதான் வர வேண்டும்.

நீதிமன்றம் தேவைப்படாத சொத்துகள்

எல்லாச் சொத்துக்கும் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. பயனாளியின் பெயர் குறிக்கப்பட்ட ஆயுள் காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு, இறப்பின்போது இன்னாருக்கு என்று எழுதப்பட்ட வங்கிக் கணக்கு ஆகியவை நேரடியாக அவரிடம் சேரும். வீட்டைப் பொறுத்தவரை, 2015 முதல் டெக்சஸில் ‘டிரான்ஸ்ஃபர் ஆன் டெத் டீட்’ என்னும் பத்திரத்தை எழுதி, உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவு செய்து வைக்கலாம்.

இங்குப் பலரும் தவறாக எண்ணுவது கூட்டுக் கணக்கைப் பற்றியதே. கணக்கில் இருவர் பெயர் இருப்பதால் மட்டும், ஒருவர் மறைந்தபின் அவர் பங்கு மற்றவருக்குச் சேர்ந்துவிடாது. எஞ்சியிருப்பவருக்கே முழுத் தொகையும் என்று எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். நோயாளி நலமாக இருக்கும்போதே வங்கியில் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த நீதிமன்றம்?

டெக்சஸில் 254 கவுன்டிகள் உள்ளன. மனு செய்ய வேண்டியது இறந்தவர் நிரந்தரமாக வசித்த கவுன்டியில். அவர் உயிர்நீத்த மருத்துவமனை எங்கே உள்ளது என்பது இதில் பொருட்டன்று. ஷுகர் லேண்டில் ஃபோர்ட் பெண்ட் கவுன்டிக்கு உட்பட்ட பகுதியில் வாழ்ந்த ஒருவர் ஹூஸ்டனில் சிகிச்சையின்போது இறந்தால், மனு ஃபோர்ட் பெண்ட் கவுன்டிக்கே செல்லும். ஹாரிஸ் போன்ற பெரிய கவுன்டிகளில் இதற்கெனத் தனி புரோபேட் நீதிமன்றங்கள் இயங்குகின்றன. சிறிய கவுன்டிகளில் கவுன்டி நீதிமன்றமே இதையும் கவனிக்கும்.

உயில் இருந்தால்

உயிலின் மூலப்பிரதியைத் தேடி எடுங்கள். நகல் மட்டும் இருந்தால் நிரூபிப்பது கடினமாகும். இறப்புச் சான்றிதழில் சான்றளிக்கப்பட்ட படிகள் பலவற்றை ஈமச்சடங்கு நிறுவனத்தின் மூலமாகவே கேட்டுப் பெறுங்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனம் என ஒவ்வோரிடமும் அது தேவைப்படும்.

பெரும்பாலும் வழக்கறிஞர் வழியாகவே மனு தாக்கல் செய்யப்படுகிறது. மனுவைப் பற்றிய அறிவிப்பு நீதிமன்றத்தில் வெளியிடப்பட்டு, உரிய காத்திருப்புக் காலம் கடந்தபின் விசாரணை நடைபெறும். விசாரணை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இறந்த நாள், வசிப்பிடம், உயில் பின்னர் ரத்து செய்யப்படவில்லை என்பன பற்றி மனுதாரர் சாட்சியம் அளிப்பார். உயிலுடன் நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் இணைந்திருந்தால், உயிலின் சாட்சிகளைத் தேடி அழைத்துவர வேண்டிய தேவை எழாது. ஆங்கிலம் சரளமாக வராதவர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

உயில் ஏற்கப்பட்டதும் அதை நிறைவேற்றுபவர் உறுதிமொழி எடுத்துக்கொள்வார். அதன்பின் ‘லெட்டர்ஸ் டெஸ்டமென்டரி’ என்னும் பத்திரம் அவருக்கு வழங்கப்படும். வங்கி அலுவலர் அந்த மகளிடம் கேட்டது இதைத்தான். பின்னர், ஒரு மாதத்துக்குள் கடன் கொடுத்தோருக்கான அறிவிப்பை நாளிதழில் வெளியிட வேண்டும். உயில் ஏற்கப்பட்ட 60 நாள்களுக்குள் பயனாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பொறுப்பேற்ற 90 நாள்களுக்குள் சொத்துப் பட்டியலையோ அதற்கு ஈடான பிரமாணப் பத்திரத்தையோ தாக்கல் செய்ய வேண்டும். நிறைவேற்றுபவர் இந்தியாவிலோ வேறு மாநிலத்திலோ வசித்தால், அவர் சார்பில் அறிவிப்புகளைப் பெற டெக்சஸில் வசிக்கும் ஒருவரை நியமிக்க வேண்டும்.

உயிலை மெய்ப்பிக்க இறந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டு, வீட்டை விற்க முனையும்போது காலம் கடந்துவிட்டதை உணரும் குடும்பங்கள் உண்டு. கடன் ஏதுமில்லாமல், அல்லது வீட்டுக் கடன் மட்டுமே இருந்து, சொத்தின் உரிமையை மாற்றினால் போதும் என்றால், ‘மியூனிமென்ட் ஆஃப் டைட்டில்’ என்னும் எளிய வழியும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உயில் இல்லாவிட்டால்

எல்லாம் மனைவிக்கே அல்லது கணவருக்கே சேரும் என்பது பரவலான நம்பிக்கை. அது எப்போதும் சரியன்று. திருமணத்துக்குப்பின் ஈட்டிய பொதுச் சொத்தைப் பொறுத்தவரை, இறந்தவரின் பிள்ளைகள் அனைவரும் அந்தத் துணைக்கும் பிறந்தவர்கள் என்றால் அது முழுவதும் துணையைச் சேரும். முந்தைய திருமணத்தில் பிள்ளை ஒருவர் இருந்தாலும், பொதுச் சொத்தில் இறந்தவரின் பாதி பிள்ளைகளுக்குப் போகும். பெற்றோர் வழியில் வந்தது போன்ற தனிச் சொத்துக்குப் பங்கீட்டு விதியே வேறு. ஆயினும், குடும்பம் வாழ்ந்த வீட்டில் தம் வாழ்நாள் முழுவதும் குடியிருக்கும் உரிமை துணைக்கு உண்டு.

சொத்தின் மதிப்பு, குடியிருப்பு வீடு முதலிய விலக்கு பெற்றவை நீங்கலாக, 75,000 டாலருக்கு மேற்படாமலும் கடனைவிட மிகுந்தும் இருந்தால், இறந்து 30 நாள்கள் கழித்துச் சிறு சொத்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். வாரிசுகளுடன், சொத்தில் பங்கில்லாத இரு சாட்சிகளும் அதில் கையெழுத்திட வேண்டும். மற்ற நேர்வுகளில் பெரும்பாலும் வாரிசு நிர்ணய வழக்குத் தேவைப்படும். அதில் அறியப்படாத வாரிசுகளுக்காக நீதிமன்றம் தனி வழக்கறிஞரை நியமிக்கும். ஆகவே செலவும் காலமும் கூடும்.

மருத்துவக் கட்டணங்கள்

இது குறித்தே எங்களிடம் மிகுந்த அச்சத்துடன் கேட்கிறார்கள். பொதுவாக, இறந்தவரின் மருத்துவக் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டியது. தாமே பொறுப்பேற்பதாகக் கையெழுத்திடாத பிள்ளைகள், தம் சொந்தப் பணத்திலிருந்து அதைச் செலுத்தக் கடமைப்பட்டவர்கள் அல்லர். வாழ்க்கைத்துணையின் நிலை வேறுபடக்கூடும். எனவே கட்டணக் கோரிக்கை வந்ததும் பதற்றத்தில் பணம் அனுப்பிவிடாதீர்கள். பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், காப்பீடு செலுத்திய தொகையைச் சரிபாருங்கள், வழக்கறிஞரிடம் காட்டுங்கள். 55 வயதுக்குப் பின் மெடிகெய்ட் மூலம் நீண்டகாலப் பராமரிப்புப் பெற்றவராயின், அரசு அத்தொகையைச் சொத்திலிருந்து கோரக்கூடும் என்பதையும் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

உயில் எழுதுவோருக்குத் தெளிந்த மனநிலை இருக்க வேண்டும் என்பது சட்டம். வலிநிவாரண மருந்துகளால் உறக்கம் மிகுந்திருக்கும் கடைசி நாள்களில் எழுதப்படும் உயில், பின்னர் பிள்ளைகளுக்குள் வழக்காக மாறக்கூடும். ஆகவே, நோயாளி தெளிவாகப் பேசும் நாள்களிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. முழுவதும் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட உயில் சாட்சிகள் இல்லாமலும் செல்லும். தட்டச்சு செய்த உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்தில் பயன்பெறுவோர் சாட்சியாக நிற்கக் கூடாது. இந்தியாவில் நிலமோ வீடோ இருந்தால், அவற்றுக்கு அந்நாட்டுச் சட்டமே பொருந்தும் என்பதால், அங்குள்ள வழக்கறிஞரையும் கலந்தாலோசியுங்கள்.

வீட்டுப் பத்திரம், காப்பீடு, வங்கிக் கணக்குகள், கடன்கள் ஆகியவற்றின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, உயில் வைத்திருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லி வையுங்கள். நோயுற்றிருப்பவர் முன் இந்தப் பேச்சை எடுப்பது அபசகுனம் என்று பல குடும்பங்கள் தயங்குகின்றன. ஆனால் நாங்கள் கண்டவரையில், பேச்சைத் தொடங்கியவர் பெரும்பாலும் நோயாளியே. தம்மைச் சார்ந்தோர் அலையக் கூடாது என்பதே அவர் கவலை.

இக்கட்டுரை பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் குடும்பத்துக்கான சட்ட ஆலோசனை ஆகாது. வருமானம் குறைந்தோர் லோன் ஸ்டார் லீகல் எய்ட் போன்ற இலவச சட்ட உதவி அமைப்புகளை அணுகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், உங்கள் பிரிவின் செவிலியரிடம் சொல்லுங்கள். சமூகப்பணியாளர் ஒருவர் உங்கள் அறைக்கே வந்து பேசுவார்.