பெயர் எழுதாத படங்கள்

வெளியூர்க்காரர்கள் பாசிர் கூடாங்குக்குக் கேமராவோடு வருவது பெரும்பாலும் பட்டத் திருவிழாவுக்குத்தான். 1995-இல் தொடங்கிய அனைத்துலகத் திருவிழா அது. பழைய ஐம்பது காசு நாணயத்தில் நாம் பார்த்த வாவ் புலான் அங்கே ஆளைவிடப் பெரிதாக எழும்பி நிற்கும். அதன் தலையில் கட்டிய வில் காற்றில் ரீங்காரமிடும்.

முதன்முறை எடுப்பவர்களுக்குப் பட்டமெல்லாம் கறுப்பாகத்தான் வரும். நண்பகல் வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா ஒளியளவைக் குறைத்துக்கொள்வதால் மற்றதெல்லாம் இருண்டுவிடுகிறது. ஒளியளவை ஒரு படி கூட்டி, வெயில் முதுகில் படும்படி நின்று எடுத்தால், பல வண்ணத் தாளில் பூவும் கொடியுமாக வெட்டி ஒட்டிய வேலைப்பாடு முழுதாகத் தெரியும். என்னைக் கேட்டால், கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கலாம். நூல் பிடித்திருக்கும் கை, அந்த நூல் விரலில் பதித்த தடம், இருபதடி தள்ளிப் பட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காற்றுக்குக் காத்திருக்கும் ஆளின் முகம். பாசிர் கூடாங்கின் படம் அங்கேதான் இருக்கிறது.

திருவிழா முடிந்தால் மீதி நாளெல்லாம் இது வேலைக்காரர்களின் ஊர். 1977-இல் இயங்கத் தொடங்கிய துறைமுகம், இரசாயன ஆலைகள், செம்பனை எண்ணெய் ஆலைகள், மின் நிலையம். 2020-இல் மாநகர் தகுதியும் கிடைத்தது. ஆனால் ஊரை ஊராக்கிய இடங்களை உள்ளே போய்ப் படமெடுக்க முடியாது. வேலியில் ‘கவாசான் லாராங்கான்’ என்ற சிவப்புப் பலகை தொங்கும். ஆகவே ஷிப்ட் முடிந்து, தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு கேமரா தூக்குகிறவருக்கு வேலிக்கு வெளியே இருப்பவைதாம் கிடைக்கும்: தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள், காலை ஷிப்டுக்கு முன் ரொட்டி சானாய் கடையில் நிற்கும் கூட்டம், கம்போங் பாசிர் பூத்தேயில் குபாங் சிப்பி ஏற்றி வரும் படகு, நீரிணைக்கு அப்பால் பச்சையாகத் தெரியும் புலாவ் உபின். இதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆலையைவிட ஆலைக்குப் போகிறவர்களைத்தான் யாரும் எடுப்பதில்லை.

எடுத்தால் மட்டும் போதுமா என்பதுதான் என் கேள்வி.

2019 மார்ச் 7 அன்று பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டார்கள். மாணவர்களுக்கு மூச்சுத் திணறலும் வாந்தியும் வந்தன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். அடுத்த வாரமே வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆற்றின் படம் ஒன்றை இன்று எடுத்துப் பாருங்கள். பழுப்புத் தண்ணீர், கரையோரக் கண்டல் மரங்கள், எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஓர் ஆறு. நெஞ்சை அடைத்த அந்த வாடை படத்தில் ஏறாது. என்ன தேதி, எங்கே நின்று எடுத்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை மணிக்கு மயக்கம் வந்தது என்று கூடவே நாலு வரி இருந்தால் அந்தப் படம் சாட்சி சொல்லும்.

படத்தையும் எழுத்தையும் பிரிக்காமல் வாழ்நாள் முழுக்க ஓட்டிக் காட்டியவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னையில் இருந்துகொண்டு, பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய கனத்த கருவியில் யானைகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996 பிப்ரவரி 18 அன்று இறக்கும்வரை விடவில்லை. நாற்பத்தாறு ஆண்டுகள்! காட்டு யானை மட்டுமல்ல, வீட்டைச் சுற்றித் திரிந்த காகமும் அணிலும் அதில் வந்தன. படைப்பு வாழ்க்கை என்றால் மலையேறுவது என்று நினைக்கும் இளைஞர்களிடம் நான் கிருஷ்ணனைத்தான் சொல்வேன். பார்த்ததைத் தவணை தவறாமல் எழுதிய கை அது.

நம் பக்கத்தில் அந்தக் கை இல்லாமல் போனது பழைய கதை. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862-இல் சிங்கப்பூருக்கு வந்து படப்பிடிப்பு நிலையம் வைத்தார். பினாங்கில் அவருக்குப் படம் அச்சடித்துக் கொடுக்கச் சீனர்கள் தயங்கினார்கள், அது பேய் வேலை என்று. தாம்சன் சென்னைப் பக்கத்து ஆள்கள் இருவரைப் பழக்கிக்கொண்டார். 1875-இல் வந்த தம் பயண நூலில் இதைச் சொல்கிறவர் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. மலாயாவில் புகைப்படத் தொழிலில் கைவைத்த முதல் தமிழர்களில் இருவராக அவர்கள் இருக்கலாம். கூப்பிட ஒரு பெயர்கூட நம்மிடம் இல்லை.

மாசாய், பாசிர் கூடாங் தாமான்களில் இன்று குடியிருக்கும் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள். தோட்டங்கள் போய்விட்டன. பால் வாளியோடு நின்ற படமும், கோயில் திருவிழாவில் வரிசையாக நிற்க வைத்து எடுத்த படமும் அலமாரியில் இருக்கின்றன. நம் ஈரக் காற்றில் அவற்றில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர ஆரம்பித்திருக்கும். பூஞ்சையைத் தடுக்கக் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் போதும். சில வெள்ளிச் செலவு. பெயர்கள் அப்படியல்ல. அவற்றை அறிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிவிட்டது.

இந்த ஓய்வுநாளில் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடமோ பெரியப்பாவிடமோ உட்காருங்கள். முதலில் ஒவ்வொரு படத்தையும் கைத்தொலைபேசியில் எடுத்துக்கொண்டு, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், கங்காணிக்குப் பக்கத்தில் நிற்பது யார், அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். படத்தின் பின்பக்கம் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.